தலை மாற்றிய மாமரம்

அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் தீனதயாளனுக்கு எதுவும் ஒரே சீராக இருக்க வேண்டும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை நிறம் பிசகினாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது. கே.ஜி.கண்டிகைப் பக்கம் மாந்தோப்புக்கென்று நிலம் வாங்கியபோதும் அந்தக் குணம் கூடவே வந்தது. அங்கே மாங்கன்று வளர்த்து விற்கும் மைத்துனன் முருகவேல் சொல்லிப் பார்த்தான்.

"பாவா, பங்கனப்பள்ளியோட ருமானி, நீலம்னு கலந்து வைங்க. ஒன்னு கால வாரினா இன்னொன்னு கைகொடுக்கும்."

"ஒரே புடவையில மூணு டிசைனாடா போடுவாங்க?"

தோப்பு முழுக்கப் பங்கனப்பள்ளியே நட்டார். மனைவி பத்மாவை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டுதல் தெரிந்திருக்கும். நிலம் கைக்கு வந்தால் தோப்பின் முதல் பழத்தை ஆடிக் கிருத்திகையன்று காவடியோடு கொண்டுவருவதாகவும், அதுவரை வீட்டில் யாரும் அதை வாயில் வைப்பதில்லை என்றும் திருத்தணி மலைப்படியில் நின்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். மாமரம் என்றால் ஆடி வரைக்கும் காய்க்கும் என்று நினைத்தாள். தறி வீட்டில் மரத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

மரங்கள் முதன்முதலாகக் காய்த்த வருஷம், வைகாசியில் கிளை தாங்காத பழம். பத்மா வேண்டுதலை அப்போதுதான் அவரிடம் சொன்னாள். ஆனி முடிவதற்குள் ஒன்றுமில்லை. வைக்கோலில் பொத்தி வைத்தவை ஆடி பிறக்குமுன் அழுகின. அடுத்த வருஷமும் அதே கதை. பழத்தையெல்லாம் வியாபாரிக்கு ஏற்றிவிட்டு, தீனதயாளன் வீட்டில் தின்னத் திருத்தணிக் கடைத்தெருவில் மாம்பழம் வாங்கினார்.

"இன்னா தோப்புக்காரரே, உங்க பழம் உங்களுக்கே கசக்குதா?" என்று பழக்காரி கௌரியம்மாள் கேட்டாள். அவர் பையைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து மெதுவாக ஆரம்பித்தார். "வைகாசியிலயே கொண்டுபோய் வெச்சுட்டு வந்துடலாம் பத்மா. சாமி கோவிச்சுக்காது."

"ஆங், சாமி கோவிச்சுக்காதுங்க. ஆனா சொன்னது நானாச்சே."

கொடுத்த வாக்கு அவளுடையது. அதை நிறைவேற விடாமல் நிற்கிற மரங்கள் அவர் நட்டவை. ஒரு மரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு நீலம் நடலாமா என்று முருகவேலைக் கேட்டார். நீலம் ஆடியில் பழுக்கும் ரகம்.

முருகவேல் சிரித்துவிட்டான். "எதுக்குப் புடுங்கணும்? தலைய வெட்டினா துளிர் வரும். அதுல நீலத்துக் குச்சிய ஒட்டிட்டா ஆச்சு. வேரு உங்க பங்கனப்பள்ளி, பழம் நீலம்."

ஓரத்து மரம் ஒன்றின் தலையை அறுத்தார்கள். தீனதயாளன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. துளிர் வந்ததும் முருகவேல் ஒரு குச்சியைச் சீவி, துளிரைப் பிளந்து செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றினான். பார்த்துக்கொண்டிருந்த பத்மா கையை நீட்டினாள்.

"இப்டி குட்றா. முடிஞ்ச பாவோட புதுப்பாவ இழை இழையா பிணைச்சுகினு இருக்கிறவ நான். இது இன்னா பெரிய வித்தை?"

அவள் ஒட்டியதில் சில காய்ந்தன, சில பிடித்தன. முருகவேல் ஒட்டியதும் அப்படித்தான். ஆனால் தீனதயாளனுக்கு அன்றே நெஞ்சில் கனம் குறைந்துவிட்டது. நட்டது நட்டதுதான், இனி மாற்ற முடியாது என்று இத்தனை நாள் புழுங்கியிருந்தார். அறுத்த இடத்தில் பிணைக்கலாம் என்பது தினமும் அவர் தறியிலேயே நடப்பது. மரத்துக்கும் அது ஆகும் என்று தோன்றாமல் போனது.

ஒட்டு தேறிக் காய்க்கச் சில வருஷம் ஆனது. இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நீலம் வந்தது. சின்னப் பழம், பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. பத்மா காவடி செலுத்திப் பழத்தை வைத்துக் கும்பிட்டாள். இறங்கும்போது, கூட்டம் விலகிய ஒரு படியில் உட்கார்ந்து, மிஞ்சிய பழம் ஒன்றைக் கீறினாள்.

"கொஞ்சம் புளிப்புதான்" என்றார் தீனதயாளன். இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.

"வர்ற வைகாசியில உங்க பங்கனப்பள்ளியத் தின்னுங்க. யாரு வேணாங்கிறாங்க?" என்று சொல்லி, கொட்டையைத் தனக்கு எடுத்துக்கொண்டாள்.