எனக்காக நான் எழுதிய வீட்டோ

இருபத்தெட்டு வயதில் எனக்காகவே அளவெடுத்து ஓர் அரசியல் சட்டம் தைத்தேன். அதை இன்னொருவன் போட்டுக்கொண்டான். அவனுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியதை ஓராண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். வயிற்றெரிச்சல் என்று மருத்துவரிடம் போனால் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, ஆளுக்கொரு பக்கம் சிதறியிருந்தோம். மறுபடி ஒன்றுகூட ஒரு மன்றம் தொடங்கினோம். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கேரம் பலகை. பதிவு செய்யச் சட்டவிதிகள் வேண்டும் என்றார்கள். ஈப்போவில் குமாஸ்தா வேலையும் நூலக அட்டையும் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

வேறு யாராவது என்றால் பக்கத்து ஊர் மன்றத்தின் விதிகளைப் பார்த்து எழுதியிருப்பார்கள். நான் நூலகத்தில் எடுத்த ஒரு நூலை வைத்துக்கொண்டு அமெரிக்காவைப் பார்த்து எழுதினேன். அங்கே சட்டம் இயற்றுவது மக்கள் பிரதிநிதிகள். அதிபர் கையெழுத்திட வேண்டும். பிடிக்காவிட்டால் வீட்டோ செய்து திருப்பி அனுப்பலாம். அதை உடைக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மாமன்னரும் பிரதமரும் உள்ள நாட்டில் வளர்ந்த எனக்கு இந்த அதிபர் மீது காதலே வந்துவிட்டது. எங்கள் செயற்குழுவில் தலைவர் நீங்கலாக ஏழு பேர். அவர்களின் தீர்மானத்தைத் தலைவர் மறுக்கலாம். ஐந்து பேர் கை தூக்கினால் மட்டும் அந்த மறுப்பு செல்லாது. இதை எழுதும்போது, நான் தலைவர் நாற்காலியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, ‘வருந்துகிறேன், இதில் கையெழுத்திட இயலாது’ என்று சொல்லும் காட்சி மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பொதுக்கூட்டத்தில் எனக்கு விழுந்தது ஒன்பது வாக்கு. அதில் ஒன்று நானே போட்டது.

தலைவரானவன் லாரி ஓட்டுபவன். என்னோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவன். நாளிதழில்கூடப் படம் மட்டும் பார்ப்பான். ஆனால் அவன் கடைக்குள் நுழைந்தால் கேட்காமலே கோப்பி வரும். எனக்கு மூன்று முறை கேட்டால் தேநீர் வரும். அவன் சிரித்தால், என்ன சொன்னான் என்று காதில் விழாதவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். நானும் ஒருமுறை சிரித்துவிட்டேன். அன்று முழுவதும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறுதல் பரிசாகச் செயலாளர் பதவி கிடைத்தது. நாற்காலி போனால் என்ன, செயற்குழு இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். அவன் மறுத்தே தீரவேண்டிய தீர்மானங்களைக் கொண்டுவந்து, அவனை எல்லோருக்கும் வேண்டாதவனாக்குவது என் திட்டம். கேரம் ஆடுபவர்கள் சப்பாத்து அணிய வேண்டும் என்றேன். அறையில் மலாய்ச் சொல் கலந்து பேசக்கூடாது என்றேன். அவன் எதையும் மறுக்கவில்லை.

“மச்சான், நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்லா. கையெழுத்து எங்க போடணும்?”

போட்டுவிட்டு வெறுங்காலோடு கேரம் ஆட உட்கார்ந்துவிடுவான். சட்டம் இயற்றுவது ஒருவர், நடைமுறைப்படுத்துவது இன்னொருவர் என்று பிரித்து எழுதியவன் நான்தானே? நடைமுறைப்படுத்த மறந்துபோகிற அதிபரை என்ன செய்வது என்று அந்த நூலில் தேடினேன். அந்தப் பக்கம் வருவதற்குள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்துவிட்டது.

கடைசியாக ஆண்டுச் சுற்றுலாவில் கை வைத்தேன். உறுப்பினர்கள் எல்லோருக்கும் பங்கோர் தீவுக்குப் போக ஆசை. ஹுத்தான் மெலிந்தாங் போவோம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். அங்கே மீன்பிடிப் படகுகள் உண்டு, சேறு உண்டு. குளிக்கக் கடற்கரை கிடையாது. செயற்குழு சோர்ந்துபோகும்வரை பேசினேன். கடைசிப் பஸ் போய்விடுமே என்று கை தூக்கினார்கள். இனி அவன் கையெழுத்திட்டால் உறுப்பினர்கள் திட்டுவார்கள். மறுத்தால் செயற்குழு முறைத்துக்கொள்ளும்.

கையெழுத்திட்டான். வாரத்தில் மூன்று நாள் அவன் ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு போவது அந்த ஊருக்குத்தான் என்பது எனக்குத் தெரியாது. நான் அப்போதெல்லாம் நூலகத்தில் இருந்தேன். போய் இறங்கியதும் படகுகளுக்குச் சொந்தக்காரரான சீனத் தவுக்கே ஒருவர் ஓடிவந்து அவன் தோளில் தட்டினார். இரண்டு படகுகள் வந்தன. கூடை கூடையாக நண்டு வந்தது. திரும்பும் வழியில் பஸ் முழுக்க ஒரே பேச்சு: “தலைவரு கூட்டிட்டுப் போனாரு பாரு, அதான் எடம்! பங்கோராம் பங்கோரு!”

தீர்மானம் என்னுடையது. வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. ஏன் கொண்டுவந்தேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வாரமே ராஜினாமா எழுதினேன். கெஞ்சுவார்கள், விட்டுப் பிடிக்கலாம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடிதம் வாசிக்கப்பட்டது. ஏற்றுக்கொள்வதாக நான்கு கைகள் எழுந்தன. மாதாகோயில் பூசை முடிந்து நேரே வந்திருந்த பொருளாளர், மருத்துவமனைத் தாதி, அவருடைய கைதான் முதலில் எழுந்தது.

தலைவன் தாளைத் தள்ளி வைத்தான். “இதுல மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்லா.”

அவனுடைய முதல் வீட்டோ.

“விதிப்படி அஞ்சு கை வேணும்லா. நாலுதான் இருக்கு,” என்றார் பொருளாளர். தூக்கிய கையை இறக்கவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ராஜினாமா ஏற்கப்படும்வரை எனக்கும் வாக்கு உண்டு. நானே எழுதிய விதி. என் கையைத் தூக்கினால் போதும், அவன் முகத்தை மாதாமாதம் பார்க்க வேண்டியதில்லை.

கை மடியிலேயே கிடந்தது. நான் வேண்டும் என்று அந்த அறையில் சொன்ன ஒரே ஆள் அவனாகத்தான் இருக்க வேண்டுமா? அந்த நல்ல குணத்திலும் எனக்குப் பொறாமை வந்தது.

படியிறங்கும்போது பொருளாளரிடம் அதைச் சொல்லியும் தொலைத்தேன்: “என்ன இருந்தாலும் பெரிய மனசு அவனுக்கு.”

“அண்ணே, ரொம்ப உருகாதீங்க,” என்றார் அவர், குடையை விரித்தபடி. “செயலாளர் மாறினா பதிவு ஆபீசுக்கு மலாய்ல ஃபாரம் எழுதிப் போடணுமாம்லா. அது யாரால முடியும்னு தலைவரு நேத்து முழுக்கப் பொலம்பிக்கிட்டு இருந்தாரு.”