ஃப்னூவுக்கு வழியனுப்பு மடல்

“ஃப்னூவின் கணக்கை நீக்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. அவருடைய சொந்த மின்னஞ்சல் முகவரி கிடைக்குமா? நாங்கள் முறையாக விடைகூடக் கொடுக்கவில்லை.”

டல்லாஸ் அலுவலகத்திலிருந்து லிண்டா எங்கள் உதவிப் பிரிவுக்கு இப்படியொரு கோரிக்கை டிக்கெட் அனுப்பியிருந்தார். அந்த மாதம் லேஆஃப் என்னும் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்ததால் இத்தகைய டிக்கெட்டுகள் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் லிண்டா தேடிய மனிதர், கலிபோர்னியாவின் சான் ரமோனில், என் இருக்கையிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஊழியர் டைரக்டரியைப் பராமரிக்கும் குழுவில் இருந்தேன். அங்கே ஒரு பெயரை டைப் செய்தால், அதுவே மின்னஞ்சலிலும் சாட்டிலும் மீட்டிங் திரையிலும் கழுத்தில் தொங்கும் பேட்ஜிலும் வந்துவிடும். நேரில் பார்த்தே இராதவர்களுக்கு அந்தப் பெயர்தான் ஆள்.

அவருடைய பெயர் அந்தோணிமுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டம் காலி. நம் ஊரில் இனிஷியல் போதுமே. விசா வந்தபோது இருந்த ஒரே பெயர் குடும்பப்பெயராகிவிட, முதற்பெயரின் இடத்தில் FNU என்று விழுந்தது. ‘ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். டல்லாஸ்காரர்கள் அதைப் பெயரென்றே எண்ணி, அன்போடு ‘ஃப்னூ’ என்று கூப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு அவர் முத்து, திரையில் ஃப்னூ.

“ஒரு வாரத்துல சரி பண்ணிக்கலாம்னு விட்டேன்க்கா. அப்புறம் சொல்லவே கூச்சமாப் போச்சு” என்பார்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது சட்டப்படி பெயரைத் திருத்திக்கொண்டார். அதன்படி நானும் டைரக்டரியில் மாற்றினேன். விடுப்பிலிருந்து திரும்பிய லிண்டா டைரக்டரியில் ஃப்னூ என்று தேடினார், அந்தப் பெயரில் ஒருவரும் வரவில்லை. வேலை போய்விட்டதென்று முடிவுகட்டி, டல்லாஸ் குழு முழுவதையும் எழுதவைத்து ஒரு வழியனுப்பு மடலும் தயாரித்து டிக்கெட்டில் இணைத்திருந்தார்.

முத்துவை அழைத்துக் காட்டினேன்.

“என்னக்கா, என்னைய அனுப்பியே வச்சுட்டாங்களா?” என்று சிரித்தபடி படிக்கத் தொடங்கினார். எத்தனை முட்டாள்தனமான கேள்வி கேட்டாலும் ஃப்னூ எரிச்சல்பட்டதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். “என் தந்தை இறந்த வாரம் ஃப்னூ சொல்லாமலேயே என் வேலையைச் செய்துவைத்தார்” என்று லிண்டா எழுதியிருந்தார். முத்துவின் சிரிப்பு மெல்ல நின்றது.

“இவ்ளோ நல்லவனாக்கா அவன்?”

மடலைக் கடைசிவரை படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பழையபடி மாத்திடுங்கக்கா. இவங்களுக்குத் தெரிஞ்சவன் ஃப்னூதான். அந்தோணிமுத்துன்னா யாருன்னே தெரியாது. லேஆஃப் நேரம் வேற.”

விரும்பும் பெயர் என்றொரு கட்டம் உண்டு. அதில் மூன்று எழுத்தை அடித்தால் போதும். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஸ்பீக்கரில் வந்த அவருடைய மனைவி ரீட்டா யோசிக்கவே இல்லை.

“நான் என்ன ஃப்னூவையா கட்டிக்கிட்டேன்? கோயில்ல ஃபாதர் அந்தப் பேரைச் சொல்லியிருந்தா அப்பவே எந்திரிச்சுப் போயிருப்பேன்!”

முத்து என் மேசையிலிருந்தே லிண்டாவை வீடியோவில் கூப்பிட்டார். “ஃப்னூ!” என்று அலறிய லிண்டா அழுதார், பிறகு சிரித்தார். முத்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருடமும் உங்களைத் ‘தெரியவில்லை’ என்றா கூப்பிட்டேன் என்று வருந்தினார். புதிய பெயரைச் சொல்லிப் பார்த்து, பாதியிலேயே தடுக்கி, “டோனி என்று கூப்பிடட்டுமா?” என்றார்.

எதற்கும் ‘நோ ப்ராப்ளம்’ சொல்லிப் பழகியவர் முத்து. அதுவே வரும் என்றுதான் நானும் நினைத்தேன்.

“நோ, லிண்டா. முத்து.”

“மூட்டூ?”

“முத்து.”

“மூத்டூ!”

அழைப்பு முடிந்த பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். “ஃப்னூங்கிறதை ஒரு தடவைகூட அவங்க தப்பாச் சொன்னதில்லக்கா. இப்பத்தான் மொத மொதல்ல என் பேரைத் தப்பாச் சொல்றாங்க.”

திரையில் காட்டப்படும் பெயருக்கு மனிதர் மெல்ல மெல்லப் பொருந்திப்போய்விடுகிறார். அங்கே கிடைக்கும் அன்புகூட வேறொருவருக்கு உரியதென்று நம்பிவிடுகிறார். இதை நான் படித்த நூல்களைவிட அந்த மடல்தான் எனக்குத் தெளிவாகச் சொன்னது. இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். புதிதாகச் சேர்பவருக்குக் கணக்குத் திறக்குமுன் அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொன்னபடியே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு டைப் செய்யுங்கள்.