கஸ்தூரிக்கு எதிரே ஆட ஆளில்லை

கடந்த ஞாயிறு காலை பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு வந்தது. கஸ்தூரியின் அண்ணன் பேசினார். “நம்ம கஸ்தூரி பூட்ச்சும்மா. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள...” ஆவடி தொழிற்சாலையில் எங்களோடு வேலை பார்த்த பலருக்கு இன்னும் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கஸ்தூரி சேக்காட்டுக்காரி. பெற்றோர் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அவள் வரைபடப் பிரிவில் இருந்தாள். நான் தட்டச்சுப் பிரிவில். குடியிருப்பு மன்றத்தின் செம்மண் டென்னிஸ் களத்தில் வெகுகாலம் அதிகாரிகள் மட்டுமே ஆடினார்கள். எண்பதுகளில் மற்ற ஊழியர்களும் சேரலாம் என்று விதி மாறியதும் முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். பெண்ணோடு பெண்தான் ஆட வேண்டும், துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று செயலாளர் கேட்டார். நேராக என் மேசைக்கு வந்தாள்.

“உனுக்கு ஓடத் தெரியுமா?”

“தெரியும்.”

“அது போதும், வா.”

இரவல் மரமட்டைகளோடு, வேலைக்குப் போகும் முன் தினமும் ஆடினோம். வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தே அவள் ஆட்டத்தைக் கற்றிருந்தாள். இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதியாட்டம் வரை போன காலம் அது. புல்தரையில் வென்றவர்கள் சுவீடனில் செம்மண்ணில் தோற்றார்கள். வானொலிச் செய்தியில் அதைக் கேட்டுவிட்டு வந்தவள், “மண்ணுன்னா நம்மள இட்டுகினு போயிருக்கலாமே” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு மன்றப் போட்டி வந்தது. பெண்கள் என்று இருந்தது நாங்கள் இருவர் மட்டும், தனிப்பிரிவு கிடையாது. பெண்ணோடு பெண் என்ற விதி போட்டிக்கு இல்லை என்று செயலாளரிடம் வாதாடி, ஆண்கள் பிரிவில் பெயர் கொடுத்தாள். முதல் ஆட்டத்தில் ஓர் இளம் அதிகாரியை வென்றாள். அதுதான் வினையானது. அடுத்து ஆட வேண்டியவர் வரவேயில்லை.

“நீங்க ஜெயிச்சாச்சும்மா, வீட்டுக்குப் போகலாம்” என்றார் நடுவர்.

“ஒரு பந்து கூட அடிக்கலையே சார். இன்னாத்த ஜெயிச்சேன்?” என்று கேட்டவள், இருட்டும்வரை கோட்டருகே நின்றாள். இறுதியாட்டத்துக்கும் எதிராளி வரவில்லை. கோப்பையை அவளிடம் கொடுத்தார்கள். அதை மன்ற அறையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். குடியிருப்பு வழியாக நாங்கள் நடந்தபோது யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு எனக்குத் திருமணமாகி, வேலையை விட்டு ஐயப்பன்தாங்கலுக்கு வந்துவிட்டேன். நான் இல்லாமல் அவளுக்கு அங்கே ஆட்டமும் இல்லை. சேக்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை பார்க்கப் போனபோது கேட்டேன், அலுக்கவில்லையா என்று. “செவுரு டயத்துக்கு வந்துடும்டி. ஆனா ஒரு தபா கூடத் தப்பு பண்ணாது. அதான் பேஜாரு” என்றாள்.

தொண்ணூறுகளில் எல்லாம் மாறியது. மரமட்டைகள் போய் எடை குறைந்த மட்டைகள் வந்தன. நுங்கம்பாக்கத்தில் புது அரங்கம் எழும்பி, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். எங்கள் செம்மண்ணின் மேல் சிமெண்ட் தளம் போட்டார்கள். அதிகாரிகள் தங்கள் மகள்களையே பயிற்சிக்கு அழைத்து வந்தார்கள். கஸ்தூரிக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. அவளை யாரும் கூப்பிடவில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, பூந்தமல்லியில் பஸ் மாறி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

“தோத்துட்டேன்டி!” என்றாள். “புதுசா வந்த ஆபீசர் சம்சாரம், அதுவே வந்து ‘ஆடலாமா’ன்னு கேட்டுச்சு. இன்னாமா ஆடுது தெரியுமா! ஒரு செட்டு கூடத் தரல. ஒழுங்கா, நல்லாத் தோத்தேன்.”

காபியை ஆறவிட்டு, ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்று தரையில் விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க நான்தான் அவளை எழுப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அடுத்த வாரம் மறுபடி ஆட்டம் என்று சொல்லிப் போனாள். அந்த அம்மாளின் கணவருக்கு அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

அவளிடமிருந்து எனக்கென்று இருப்பது, தோற்றுவிட்டு வந்து நின்ற அந்த முகம்தான். அன்று அவளுக்கு ஓடிவந்து சொல்ல ஒரு வீடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை வைத்துவிட்டுத் தெருவில் வந்து நின்றேன். அவள் போய்விட்டதை நான் போய்ச் சொல்லக்கூடிய ஒரே வீடு, அவளுடையதாக இருந்தது.