பச்சைத் திட்டுக்குக் காவல்

நண்டுக்காரிக்குக் கோபம் வந்தால் கரையில் காயும் வலைகூடத் தானாக மடிந்துகொள்ளும் என்பார்கள். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களைக் கரையேற்றியதில் கைக்குப் பாதிப் பங்கு, வாய்க்குப் பாதிப் பங்கு என்று அவளே சொல்வாள்.

அவள் பிழைப்பு கடலோரச் சதுப்பில். அலை ஏறினால் முங்கி, இறங்கினால் வெளியே தெரியும் சேறு. அதில் இடுப்பளவு உப்புப் புல். புல்லடியில் வளை, வளைக்குள் நண்டு. தோள்வரை கையை விட்டுத்தான் எடுப்பாள். புல் நிற்கும் இடத்தில் சேறு கெட்டியாயிருக்கும், வளை இடியாது. பொடி மீன்கள் பெரிய மீனுக்குத் தப்பி ஒளிவதும் அங்கேதான். அந்தப் புல்லின் வேரைச் சிப்பிகள் நார்விட்டுக் கட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாகக் கிடக்கும்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. சேற்றில் உப்பு ஏறிப் புல் வைக்கோலாய்க் கருகியது. வேர் செத்த இடங்களில் ஓடைக்கரை கட்டி கட்டியாகச் சரிந்தது. சிப்பி குவிந்திருந்த திட்டுகளில் மட்டும் ஈரம் தங்கியது. சிப்பி கழிப்பதே புல்லுக்கு எருவானது. பழுப்புப் பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை.

அவள் தம்பி வாத்துத் தீவனத்துக்குச் சிப்பி தோண்டுபவன். அவனுக்கும் வயிறு இருக்கிறது, வீட்டில் நாலு வாய். ஆனால் அவன் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த வருஷம் தேடி அலையவே வேணாம்க்கா. எங்க பச்சையா தெரியுதோ, அங்க மண்வெட்டியப் போட்டா போதும்."

"வீடே எரியும்போது மிச்சம் நிக்கிற தூணைப் பிடுங்கி அடுப்பு மூட்டுறவன இன்னைக்குத்தான்டா பாக்குறேன்."

"நான் எடுக்கிறது சிப்பி. உனக்கு வேண்டியது நண்டுதானே?"

"சிப்பி புல்லப் பிடிச்சு வச்சிருக்கு, புல்லு சேத்தப் பிடிச்சு வச்சிருக்கு. சேறு போனா நண்டு உன் சட்டைப் பையிலயா குடியிருக்கும்?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

சதுப்பில் தொழில் செய்பவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. துணி கட்டிய கம்பை ஓரிடத்தில் நட்டால், அடுத்த மழைக்காலம் முடியும்வரை அங்கே வேறு யாரும் கை வைக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு கம்புதான். நண்டுக்காரியின் கம்பு நின்றது நண்டு மொய்க்கும் பெரிய ஓடையில். மறுநாள் அலை இறங்கியதும் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பச்சைத் திட்டுகளின் நடுவே நட்டாள். சிப்பி தோண்டாதவள் சிப்பித் திட்டில் கம்பு நட்டதைப் பார்த்து, வாத்து வளர்க்கப் போகிறாளா என்று கேட்டுக் கரையே சிரித்தது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் பெரிய ஓடையில் தம்பி பெண்டாட்டியின் கம்பு நின்றது.

நண்டுக்காரி அந்தத் திட்டில் தானும் கை வைக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஊரார் வலைகளைக் கூலிக்குத் தைத்தாள். பெரிய ஓடையும் நாத்தனார் இடத்தைப் பறித்தவளுக்கு வாழ்வு கொடுக்கவில்லை. புல் செத்த கரை இடிந்து விழுந்து வளைகளை மூடியது. அவள் வெறுங்கூடையோடு திரும்பினாள். அதைப் பார்த்து நண்டுக்காரிக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் இன்னும் ஏறியது. அது இருபது வருஷம் அவளே கை நுழைத்து நண்டு எடுத்த ஓடை.

பிறகு மழை பெய்தது. பச்சைத் திட்டுகளிலிருந்து வேரோடி, பழுப்புச் சேற்றில் துளிர்கள் கிளம்பின. மழைக்காலம் முடிந்து அவள் கம்பின் கெடு தீர்ந்த காலையில் அவள் போவதற்குள் தம்பி கம்பும் மண்வெட்டியுமாக அங்கே நின்றான்.

அவள் கெஞ்சவில்லை. "தோண்டு. ஒரு தடவை கைய விட்டுப் பாத்துட்டுத் தோண்டு."

விட்டான். வேரும் சிப்பியும் பின்னிக் கிடந்ததில் விரல் நுழைய இடமில்லை. பக்கத்து வளையில் நுழைத்தான். உள்ளே இருந்தது கவ்விக்கொண்டது. அவன் கையை உதறிக் குதித்ததைப் பார்த்து, வேடிக்கை பார்க்கப் பின்னால் கூடி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பெண்டாட்டியின் இடிந்த ஓடைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தான். கம்பையும் மண்வெட்டியையும் தோளில் போட்டுக்கொண்டு, சிப்பி ஒட்டிக் கிடக்கும் பாறைப் பக்கம் நடந்தான்.

சாயங்காலம் டீக்கடையில், அக்காவுக்காக விட்டுக்கொடுத்தானே, எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள்.

"பெரிய மனசுதான்," என்றாள் நண்டுக்காரி, கிளாஸை வைத்துவிட்டு. "அறிவுக்கு மட்டும் அதுல இடம் கிடைக்கல."

பெரிய ஓடை அன்று யார் கம்பும் இல்லாமல் காலியாகத்தான் கிடந்தது. அலை இறங்கியதும் அவள் தன் கம்பை எடுத்துக்கொண்டு போய்ப் பச்சைத் திட்டிலேயே மறுபடி நட்டாள். தம்பியின் பெரிய மனசு இன்னொரு வருஷம் தாங்குமென்று நம்ப அவள் தயாராக இல்லை.