லீவு வந்தால் மூச்சு வாங்கும்

ஜெனிட்டா வளர்ந்த வீட்டில் மாதவிலக்கு என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது 'லீவு'. பள்ளிக்கூடத்துத் தோழிகளுக்கும் 'லீவு'. கல்யாணமாகிக் கடலூர் பழைய டவுனுக்கு வந்தால், மாமியார் சவரிமேரிக்கும் அதுவேதான். ஆனால், "லீவா? அப்ப இந்த மாசமும் ஒன்னும் இல்ல" என்று அவள் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குக் கொடுக்கு முளைத்துவிடும்.

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் ஜெனிட்டாவுக்கு வேலை. லீவு வந்த மறுநாள், மேல்தட்டிலிருந்து சேலைக் கட்டை இறக்கியபோது வலது தோளில் சுருக்கென்றது. சேலையை விரித்துக் காட்டவும் மூச்சு இல்லை.

"என்னம்மா, ரயில தொரத்திக்கிட்டு வந்தியா?" என்றார் சூப்பர்வைசர்.

வீட்டில் சவரிமேரி தன் பங்குக்குச் சொன்னாள்: "புள்ள நிக்கலன்னு மனசுல வச்சிக்கிட்டே இருந்தா நெஞ்ச அடைக்காம என்ன பண்ணும்?"

ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் சுருங்கிக் கிடந்தது. விலாவில் குழாய் சொருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டார்கள். நெஞ்சில் அடைபட்ட காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. சில மாதம் கழித்து மறுபடி அதே வலி, அதே குழாய். டிபியாகத்தான் இருக்கும் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் கொடுத்தார்கள்.

"எப்பெப்ப வருது?" என்று டாக்டர் கேட்டார்.

"லீவு வந்தாதான் சார் வருது."

டாக்டர் சிரித்துவிட்டு, கூட வந்திருந்த கணவன் ஜெபஸ்டினைப் பார்த்தார். "லீவு நாள்ல வீட்டு வேலை ஜாஸ்தியா? சார், நீங்களும் கொஞ்சம் பாத்திரம் கழுவுங்க."

எந்த லீவு என்று ஜெபஸ்டினுக்குத் தெரியும். அவனும் சிரித்தான்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் கேட்டாள். "ஏங்க, நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அத ஒரு ஆம்பள டாக்டர்கிட்ட நான் எப்புடிச் சொல்றது? நீதான் சொல்லணும்."

"சொன்னேனே."



மூன்றாம் முறை கடையிலேயே, மடித்து வைத்த சேலைகள் மேல் சாய்ந்துவிட்டாள். சிதம்பரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புது டாக்டர், அதே கேள்வி. ஜெபஸ்டின் பழப்பையோடு பக்கத்தில் நின்றான். அவள் மூக்கிலிருந்த மாஸ்க்கை இழுத்து இறக்கினாள்.

"மாதவிலக்கு சார். ரத்தம் பட்டாதான் எனக்கு மூச்சு போவுது. லீவு லீவுன்னு எல்லா டாக்டருங்ககிட்டயும் சொன்னேன். எந்த லீவுன்னு ஒருத்தரும் கேக்கல."

அடுத்த கட்டிலில் இட்லி தின்றுகொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. ஜெபஸ்டின் பைக்குள் எதையோ தேடினான்.

டாக்டர் சிரிக்கவில்லை. கேமரா விட்டு ஆபரேஷன் செய்தார்கள். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சதை நுரையீரலுக்குக் கீழே படர்ந்து, மாதாமாதம் அங்கேயும் கசிந்து, ஓட்டை போட்டிருந்தது. ஓட்டையை அடைத்தாயிற்று. இனி மாத்திரை போட்டு விலக்கையே நிறுத்த வேண்டும்.

"மொதல்லயே வெளக்கமா சொல்லியிருந்தா டிபி மாத்திரையே வேண்டியதில்லம்மா" என்றார் டாக்டர். அவருக்குப் பதில் சொல்ல அவள் மூச்சைச் செலவழிக்கவில்லை.

"அப்ப புள்ள?" என்றான் ஜெபஸ்டின்.

"மாத்திரை போடற வரைக்கும் நிக்காது. நிறுத்துனா நெஞ்சு மறுபடி மக்கர் பண்ணலாம்."

"ஒரு வருஷம் பொறுத்துப் பாக்கலாமே" என்றாள் பார்க்க வந்திருந்த சவரிமேரி. "ஒரு புள்ள ஆவட்டும், அப்புறம் போட்டுக்கட்டும்." பொறுக்க வேண்டிய நெஞ்சு அவளுடையதல்ல. ஜெனிட்டா அவர்கள் பார்க்க முதல் மாத்திரையை விழுங்கினாள்.

அடுத்த மாதம், அவள் வேலைக்குக் கிளம்பும்போது சவரிமேரி காலண்டரைப் பார்த்தாள். மாத்திரை மறந்துபோய், பழைய ஆசையில் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

"என்னடி, லீவு வரலையா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஜெனிட்டா இத்தனை வருஷம் காத்திருந்தாள்.

"வரல அத்தை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.