புல்வெட்டும் வண்டிக்கு ஒரு சார்ஜர்

ஓமானில், சோஹாரில் புல்லுக்கும் லீவு உண்டு. குளிர் வந்ததும் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். வெயில் காலமெல்லாம் கம்பெனிக் குடியிருப்பின் புல்தரையைச் சுற்றிச் சுற்றி வெட்டிய மோவரும், வெட்டிய புல்லை அள்ளிப்போகும் பிக்கப்பும் மார்கழி, தை முழுக்க ஷெட்டுக்குள் சும்மா நிற்கும். அப்படிச் சும்மா நிற்பதுதான் அவற்றுக்கு ஆகாது. இரண்டிலும் பழைய பேட்டரி. சில நாள் தொடாமல் விட்டால் சாவியைத் திருப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. அதனால் என்னோடு வேலை பார்த்த அறந்தாங்கிக்காரன் நாள்விட்டு நாள் ஷெட்டைத் திறந்து இரண்டையும் கொஞ்ச நேரம் ஓடவிடுவான். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான்.

அந்தக் குளிரில் அவன் ஊருக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. புதிதாக வீடு கட்டியிருந்தான். கட்டினான் என்றால் ஃபோனில் கட்டினான். ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்படி எவ்வளவு அகலம் என்று கார்டு போட்டுப் பேசியே எழுப்பிய வீடு. தையில் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார்கள். "வர்றவன் போறவன்லாம் பாத்துட்டான். நான் மட்டும்தாண்ணே பாக்கல" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

எங்கள் ஃபோர்மேன் தூத்துக்குடிக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. மனசு கருப்பட்டி, வாய் மிளகாய். லீவு கேட்டதும், "போன குளிர்ல நீ காய்ச்சல்ல படுத்த. ரெண்டு வண்டியும் சேந்து படுத்துட்டு. மேனேஜர்ட்ட ஏச்சு வாங்குனது நானா நீயா?" என்றார். எனக்கும் தை பிறந்தால் துறைமுகப் பக்கத்து சைட்டில் டியூட்டி. வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

"சார்ஜர் மாட்டி விட்டுட்டுப் போறேன் அண்ணாச்சி."

"சரி, பெருநாள் லீவுல மாட்டிப் பாரு. லீவு முடிஞ்சு வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா நீ பிளைட் ஏறு. இல்லன்னா மாஃபி, லீவு கிடையாது."

சூக், அதாவது சந்தைப் பக்கம் பேட்டரி விற்கும் மலையாளியின் கடைக்கு இரண்டு பேரும் போனோம். இவன் கண் போனது பெரிய சார்ஜரின் மேல். கைப்பிடி, முள் ஆடும் மீட்டர், கட்டைவிரல் தடிமனுக்கு ஒயர். பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் இன்னொன்று.

"பெருசே எடுத்துருவோம்ணே. பாத்தாலே ஒரு தைரியம் வருது."

கடைக்காரர் சிரித்தார். "அது ஒர்க்ஷாப்புக்கு உள்ளது. கல்யாணப் பந்தி மாதிரி, இலையை மூடுற வரை விளம்பிட்டே இருக்கும். நீங்க ஊர்ல போயி உக்காந்தா இங்க யாரு இலையை மூடறது? சின்ன பேட்டரி வெந்து போகும். இது வயிறு நிறைஞ்சா தானே நிறுத்தும். கொஞ்சம் பசிச்சா கொஞ்சம் கொடுக்கும். அம்மா மாதிரி."

அம்மா என்றதும் இவன் கை பெரியதை விட்டுச் சின்னதுக்குப் போனது. வண்டிக்கு ஒன்றாக இரண்டு சின்னது வாங்கினோம். பெருநாளுக்கு முந்தின மாலை அவனே மாட்டினான். சிவப்பு கறுப்பு மாறாமல் இருக்கிறதா என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினான். லீவு நாட்களில் கடற்கரையில் மணலில் கோடு போட்டு, இது ஹால், இது சாமி ரூம் என்று தன் வீட்டை எனக்குச் சுற்றிக் காட்டினான்.

லீவு முடிந்த காலை அண்ணாச்சியே மோவர் மேல் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டக். பிக்கப்பும் அதே டக்.

அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சார்ஜரைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. ஒயர் சரி, பிளக் சரி. ஷெட்டு லைட்டைப் போட்டேன். அதுவும் எரியவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசலோரம் இருந்த மெயின் ஸ்விட்சைத் திரும்பிப் பார்த்தோம். கைப்பிடி கீழே இறங்கியிருந்தது.

"யாருலே மெயினை அணைச்சது?"

அவன் தன் வலது கையைப் பார்த்தான்.

யாரைச் சொல்ல? நம் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். நாலு நாள் வீட்டைப் பூட்டிப் போவதென்றால் கேஸை மூடி, மெயினை அணைத்து, பூட்டை இழுத்துப் பார்த்தால்தான் நமக்குப் பஸ்ஸில் தூக்கம் வரும். சார்ஜரை அவ்வளவு பக்குவமாக மாட்டியவனுக்கு, வாசலுக்கு வந்ததும் கை தன்பாட்டில் மேலே போயிருக்கிறது.

"பூட்டை இழுத்து இழுத்துப் பாத்தேனே அண்ணாச்சி" என்றான், அழாத குறையாக.

"அதுல ஒண்ணும் குறை வைக்கல. திருடன் வந்திருந்தாக்கூட இருட்டுல முட்டிச் செத்திருப்பான்."

மெயினைப் போட்டார். இரண்டு சார்ஜரிலும் சிவப்பு எரிந்தது. மறுநாள் இரண்டும் பச்சைக்கு வந்திருந்தன. மோவர் முதல் திருப்பிலேயே உறுமியது, பிக்கப்பும் அப்படியே. அண்ணாச்சி இறங்கி வந்து அவனிடம் கையை நீட்டினார்.

"ஷெட்டு சாவியை எடு. சார்ஜர் நல்ல சார்ஜர். உன் கைதாம்ல ஆபத்து. நீ இங்க இருந்தா எப்படியும் மறுபடி அணைப்ப. வண்டி உசுரோட இருக்கணும்னா மொதல்ல உன்னைக் கப்பலேத்தணும்."

ஏச்சா, லீவா என்று தெரியாமல் அவன் சாவியைப் பிடித்தபடியே நின்றான். நான் முழங்கையால் இடித்தேன். "கொடுடா, லீவு கிடைச்சிருச்சு."

"அப்ப டிக்கெட் போட்டுரவா அண்ணாச்சி?"

"இன்னும் போடலையாக்கும்! யல்லா, ஓடு."

சாவியை என் கையில் திணித்துவிட்டு நிஜமாகவே ஓடினான்.