மருது நிரப்பிய பத்துத் தோட்டா

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. கட்டிச் சொல்கிற கதையாக இருந்தால், என்னை நானே இவ்வளவு கேவலமாகவா காட்டிக்கொள்வேன்?

1943. யுத்த காலம். கீழக்குயில்குடிக்குப் பக்கத்தில், சமணர் மலை ஓரமாக, பட்டாளத்துச் சாமான் கிடங்கு ஒன்று இருந்தது. பேர் வேண்டாம். டயர், மண்ணெண்ணெய், கம்பளி என்று கடையில் கண்ணால் பார்க்க முடியாத சாமானெல்லாம் உள்ளே மலையாகக் கிடக்கும். நான் அங்கே துப்பாக்கி மிஸ்திரி. காவல்காரர்களின் துப்பாக்கிகளைத் துடைத்து, பழுது பார்த்து, ஆயுத அறையில் அடுக்கி வைப்பது என் வேலை. பேர் கருத்தக்கண்ணன்.

காவல்காரர்களில் மருது என்று ஒருவன். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வேலையில் புலி. துப்பாக்கியின் அடியில் மாட்டுகிற தோட்டாப் பெட்டியை மேகஸின் என்போம். பத்துத் தோட்டா பிடிக்கும். மருது எந்நேரமும் பத்தையும் நிரப்பியே வைத்திருப்பான். காவலுக்குத் தலைவரான ஹவில்தார் வெள்ளைத்துரைக்கு அது ஆகாது.

"ராவும் பகலும் அமுக்கியே வெச்சா ஸ்பிரிங் செத்துப்போகும்டா! எட்டுக்கு மேல போடாத. டூட்டி முடிஞ்சா காலி பண்ணு" என்று கத்துவார்.

மருது என்னிடம் வந்தான். "அண்ணே, மெய்யாவா?"

"அந்தாளு கெடக்காரு. நல்ல உருக்கு, அமுக்கி வெச்சா ஒண்ணும் ஆகாது. தெனம் போட்டுப் போட்டு எடுத்தாத்தான் தேயும். துருவும் அழுக்கும்தான் அதுக்கு எமன். நீ பத்தையும் போட்டு வெய்யி."

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

ஆயுத பூஜை வந்தது. துப்பாக்கிகளை வரிசையாகச் சாத்திப் பொட்டு வைத்தோம். "வெளிய மட்டும் வெச்சா ஆச்சா? உள்ளயும் வைய்யா மிஸ்திரி" என்றார் ஹவில்தார். நானும் ஒவ்வொரு மேகஸினாகக் கழற்றி, தோட்டாவைத் தாங்குகிற தகட்டிலும் அதன் ஓரங்களிலும் சந்தனத்தை விரலால் அப்பினேன். பக்தியாம்! மறுநாள் எல்லாவற்றையும் பிரித்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும். நான் பொரியும் சுண்டலும் தின்றுவிட்டுச் சீட்டாடினேன். வெளியே மட்டும் துணியால் ஓர் இழுப்பு இழுத்து, அவரவர் கையில் கொடுத்துவிட்டேன்.

பூஜை முடிந்த ஆறாம் நாள் விடியற்காலை 5.20. டயர் திருட நாலு பேர் வேலி ஏறி வந்தார்கள். அந்தப் பக்கம் காவலில் மருது மட்டும். ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது அரிவாளால் வெட்டிப் போட்டிருந்தார்கள். உயிர் இல்லை. ஒரு தோட்டாதான் போயிருந்தது. மற்ற ஒன்பதும் மேகஸினுக்குள் அப்படியே கிடந்தன.

அறைக்குக் கொண்டுவந்து பிரித்தேன். எண்ணெயும் சந்தனமும் சேர்ந்து பிசினாகி, தகட்டை அடியில் ஒட்டவைத்திருந்தது. ஸ்பிரிங் புதுசு மாதிரி இருந்தது. ஒட்டிப்போன தகட்டைத் தூக்கத்தான் அதற்குச் சக்தி இல்லை. துப்பாக்கியின் போல்ட்டை எத்தனை தடவை இழுத்தாலும் அடுத்த தோட்டா மேலே ஏறாது. குப்பென்று ஓர் ஊசல் நாற்றம். அது என் விரல் பட்ட அழுக்கு.

பின்னாலேயே ஹவில்தார் வந்தார். கையில் துருப்பிடித்த பழைய ஸ்பிரிங் ஒன்று.

"இத மாட்டு. சொல்லச் சொல்லக் கேக்காம முழுசா நெப்பி வெச்சான், ஸ்பிரிங் செத்துருச்சு. அம்புட்டுத்தான். இல்லேன்னா நம்ம ரெண்டு பேருக்கும் ஜெயிலு."

மாட்டினேன். நல்ல ஸ்பிரிங்கை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சந்தனத்தை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டினேன். கிடங்கின் வெள்ளைக்கார அதிகாரி காப்டன் துரை விசாரணை நடத்தியபோது, மிஸ்திரி என்ற முறையில் பொய்ச் சாட்சியும் சொன்னேன். உத்தரவை மீறிய காவலாளி தன் தவற்றால் இறந்தான் என்று துரை எழுதினார். த்தூ! நானும் ஒரு மனுஷன்!

மருதுவின் பெண்டாட்டி ஒச்சம்மாள் கிடங்கு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, பத்தையும் போட்டு வெய்யின்னு நீங்கதான சொன்னீக? அவரு வீட்டுல வந்து சொன்னாரே. சொன்ன பேச்சு கேக்காம செத்தவன்னு ஊரே ஏசுதுண்ணே. எனக்கு ஒண்ணும் வேணாம். அவரு பேர மட்டும் காப்பாத்திக் குடுங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லியேம்மா" என்றேன்.

அவள் ஏசவில்லை. போய்விட்டாள். ஏசியிருந்தால் தேவலை.

இனிமேல்தான் விஷயம்.

விசாரணை முடிந்த மூன்றாம் நாள். உச்சிப் பொழுது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆயுத அறைக்கு ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. நான் மட்டும் உள்ளே. சுவர்க் கடிகாரத்தில் மணி 12.10.

க்ளிக்.

தோட்டாவை மேகஸினுக்குள் அமுக்குகிற சத்தம். எனக்குத் தெரியாதா அது? க்ளிக்... க்ளிக்... எண்ணினேன். சரியாகப் பத்து. மருதுவின் துப்பாக்கி இருந்த பக்கம் போனேன். மேகஸினைக் கழற்றிப் பார்த்தேன். காலி. ஆனால் தகட்டில் சந்தனம். ஈரமாக.

எவனோ விளையாடுகிறான் என்று நினைத்துத் துடைத்துப் போட்டேன்.

மறுநாள் அதே 12.10. அதே பத்து. இந்தத் தடவை துருப்பிடித்த ஸ்பிரிங் தரையில் கிடந்தது. மேகஸினுக்குள் நல்ல ஸ்பிரிங் இருந்தது. நான் பூட்டி வைத்தது! என் பெட்டி பூட்டியபடியே இருந்தது. சாவி என் அரைஞாணில். சந்தனத்தில் செத்த எலி நாற்றம். வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

ஹவில்தாரிடம் சொன்னேன்.

"கள்ளு கூடிப்போச்சாக்கும்?" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள். புழுக்கம் தாங்கவில்லை. வேலைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கதவை விரியத் திறந்து வைத்தேன். ஒரு துள்ளலில் ஓடிவிடலாம் என்று அதன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

12.10. சத்தம் இல்லை.

12.11... இல்லை.

12.12... இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

என் பின்னாலும் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

பூட்ஸ் சத்தம். டக்... டக்...

என்னைத் தாண்டிப் போனது.

கண் முன்னே ஒருவரும் இல்லை.

கதவு சாத்திக்கொண்டது.

வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

ஆணியைப் பார்த்தேன்.

கோட் இல்லை.

கதவை இடித்தேன், கத்தினேன். எவனுக்கும் கேட்கவில்லை. 12.40க்குத் தாழ்ப்பாள் தானாக விலகியது. வெளியே பாய்வதற்குமுன் திரும்பிப் பார்த்தேன். கோட் ஆணியில் தொங்கியது. தொட்டேன். சூடு. அக்குள் பக்கம் சொதசொதவென்று வேர்வை. என் வேர்வை இல்லை. சீ! தொட்ட கையை மண்ணில் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். கோட்டை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

நேரே ஆபீஸ். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது, ஜெயிலானாலும் சரி. குமாஸ்தா ஹாலாஸ்யம் ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடியும் என்ன ஓய்? இப்பத்தானே எல்லாத்தையும் சொல்லிட்டுப் போனீர்?"

"நானா? என்ன சொன்னேன்?"

"என்னங்காணும் இது! சந்தனம் வெச்சது, ஸ்பிரிங்கை மாத்தினது, வெள்ளைத்துரை மிரட்டினது, ஒண்ணு விடாம எழுதிண்டாச்சு. துரையும் கூட இருந்து கேட்டாரே. இந்த வெயில்ல கோட்டு வேற மாட்டிண்டு வந்தீர். ஒண்ணுதான் புரியலை. கையெழுத்துப் போடத் தெரிஞ்ச மனுஷன், எதுக்குக் கட்டைவிரல் ரேகை வெச்சீர்?"

வந்த வழியே திரும்பி நடந்தேன்.

வெள்ளைத்துரைக்கு ஜெயில். தானாக வந்து ஒப்புக்கொண்டவன் என்று எனக்கு வெறும் எச்சரிக்கை. மருது காவலில் நின்று உயிர் விட்டவன் என்று புது உத்தரவு போட்டார்கள். ஒச்சம்மாள் சோழவந்தான் வெற்றிலை ஒரு கவுளி கொண்டுவந்து வைத்து, என் காலில் விழுந்தாள். "நீங்க தெய்வம்ணே" என்று அழுதாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வெற்றிலையை வாங்கிக்கொண்டேன். பாருங்கள், எப்பேர்ப்பட்ட ஈனப் பிறவி நான்!

1946இல் கிடங்கைக் கலைத்தார்கள். ஹாலாஸ்யம் ஐயர் பழைய தாள்களைத் தீயில் போட்டுக்கொண்டிருந்தவர், "உம்ம வாக்குமூலம், ஞாபகத்துக்கு வெச்சுக்கும்" என்று ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். அன்றுதான் முதல் தடவையாகப் படித்தேன். சந்தனம் அப்பியது நான், ஸ்பிரிங்கை மாற்றியது நான் என்று எல்லாம் என் பேரில் சரியாகத்தான் இருந்தது. ரேகைக்கு மேலே கடைசியாக இருந்ததை மட்டும், சொன்னதைச் சொன்னபடியே அவர் எழுதியிருக்கிறார்.

"முதல் வெடி போனது. மூன்று தடவை போல்ட்டை இழுத்தேன். தோட்டா ஏறவில்லை. அப்போதும் நான் ஓடவில்லை."